செஞ்சிக்குப் போகிறீர்களா? தண்ணீரைத் தேடிக்கொண்டே ஏறுங்கள்

உங்கள் கேள்வி இது: சென்னையிலிருந்து காரில் ஒரே நாளில் செஞ்சிக் கோட்டைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அறுபத்தைந்து வயது அம்மாவும் பத்து வயது மகனும் உடன் வருகிறார்கள். மலை ஏறாவிட்டால் போனதற்குப் பயன் உண்டா? ஏறுவதென்றால் ராஜகிரியா, கிருஷ்ணகிரியா? "மேலே ஒன்றும் இல்லை, வெறும் இடிந்த சுவர்தான்" என்று நண்பர் சொன்னது சரியா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் சொன்னது சரியில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. முதல் இரண்டு முறை ஏறியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூச்சு வாங்க ஏறினேன், காற்று வாங்கினேன், படம் எடுத்தேன், இறங்கினேன். மூன்றாவது முறை ஐப்பசியில், நல்ல மழை விட்டதற்கு மறுநாள் போனேன். மொட்டைப் பாறைச் சரிவுகளில் கோடு கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடும் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். ஒன்று சுனைக்குப் போனது, ஒன்று வெட்டிவைத்த தொட்டிக்குப் போனது, இன்னொன்று அடிவாரக் குளத்துக்குப் போனது. அன்றைக்குத்தான் இந்தக் கோட்டையைக் கட்டியவர்களின் மனசு எனக்குத் தெரிந்தது.

அதனால் என் பதில் முழுக்க இதைத்தான் சுற்றி வரும். செஞ்சியில் மதிலைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. மதிலைப் பார்க்கும்போதெல்லாம் "இதற்குப் பின்னால் இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. சுனை, தொட்டி, குளம், குழாய், அகழி என்று அவன் எண்ணிக்கொண்டே வரட்டும்.

இடத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். மூன்று குன்றுகளையும் இணைத்து முக்கோணம் போல ஓடுகிறது மதில். நீளம் சுமார் 13 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை இந்த முக்கோணத்தை ஊடுருவித்தான் போகிறது. செஞ்சி பஸ் நிலையத்தைத் தாண்டி இரண்டு, மூன்று கிலோமீட்டர் போனால் இடது கையில் ராஜகிரி, வலது கையில் கிருஷ்ணகிரி. நெல் வயல், கரும்பு, மல்லாட்டைக் கொல்லை என்று சமதளமாகக் கிடக்கும் பூமியில், யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிவைத்தது போலக் கருங்கல் உருண்டைகள் மலையாகக் குவிந்து நிற்கும். அந்த முதல் பார்வைக்காகவே சாலையோரம் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தலாம்.

இந்தக் கருங்கல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. மொட்டைப் பாறை தண்ணீரை உறிஞ்சாது. பெய்கிற மழை அப்படியே வழிந்து ஓடிவிடும். இந்தப் பக்கத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. மீதி மாதங்களைத் தள்ள வேண்டுமானால் வழிகிற தண்ணீரை மறித்துப் பிடித்தாக வேண்டும். பாறை இடுக்குகளில் ஊறும் சுனைகளும் உண்டு. எங்கே சுனை ஊறுகிறது என்பது ஆடு மேய்ப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். 1190ஐ ஒட்டி இங்கே முதல் அரணைக் கட்டியவர் ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவர் என்று சொல்லும் மரபுக் கதையை நான் அதனாலேயே நம்பிக்கையோடு கேட்கிறேன். கிருஷ்ணகிரி என்ற பெயரும் அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோனால் வந்தது என்பார்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர்தான். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, வழியில் டிபனை முடித்துக்கொண்டு, கோட்டை திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்பது போல வாருங்கள். இதில் சோம்பல் வேண்டாம். 10 மணிக்கு மேல் பாறை சூடேற ஆரம்பித்தால், படியில் கால் வைக்கும்போதே அந்தச் சூடு முகத்தில் அடிக்கும். பிற்பகல் 3 மணியோடு ராஜகிரியில் ஏறவிடுவதையும் நிறுத்திவிடுவார்கள். "சாயங்காலமாக ஏறிக்கொள்ளலாம்" என்று திட்டம் போட்டு வந்து ஏமாந்து நின்ற குடும்பங்களை வாசலில் பார்த்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம், அதுவும் அம்மாவோடு.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். மலைமேல் கடை எதுவும் கிடையாது. குரங்குகள் நிறைய. கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை எதுவாக இருந்தாலும் அது தமக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும். முதுகில் மாட்டும் பைக்குள் எல்லாவற்றையும் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். பையனுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயந்து ஓடினால் படியில் விழுந்துவிடுவான். செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போதும்.

இப்போது முக்கியமான கேள்வி: எந்த மலை? நீங்களும் மகனும் ராஜகிரி ஏறுங்கள். அம்மா கீழே இருக்கட்டும். கீழே இருப்பது அவருக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள். செஞ்சியில் கட்டடமாகப் பார்ப்பதற்கு உள்ளவற்றில் பெரும்பகுதி அடிவாரத்தில்தான், ராஜகிரியின் உள்கோட்டையில் சமதளத்தில் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் மூவரும் சேர்ந்து நடந்து அதைப் பாருங்கள் என்றுகூடச் சொல்வேன். ஆனால் வெயிலை நினைத்தால் வரிசையை மாற்றுவதுதான் நல்லது. நீங்கள் இருவரும் முதலில் மலை ஏறி இறங்குங்கள். அதுவரை அம்மா துணைக்கு ஒருவருடன் கல்யாண மகால் பக்கம் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஆரம்பப் படிகள் அகலமானவை, மரநிழலும் கொஞ்சம் உண்டு. அப்புறம் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். கோட்டைக்கும் முந்தைய தெய்வம் இவள் என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. சித்திரையில் இவளுக்குத் திருவிழா நடக்கும்போது கோட்டைக்கே வேறு முகம் வந்துவிடும். நாயக்கர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்து போனார்கள், அம்மன் அப்படியே இருக்கிறாள். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் படி செங்குத்தாகும். வாசலுக்கு மேல் வாசல், ஒவ்வொரு வாசலும் திருப்பத்தில். நேராக வேகமெடுத்து ஓடி வர ஒருவனாலும் முடியாது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவு சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைக் கடக்க ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் போதும், உச்சி தனித்தீவு. பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள். மலையே தன்னைத்தானே அகழி வெட்டிக்கொண்டது போல இருக்கும்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. இவற்றைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள். ராஜகிரியின் மேல்பகுதியில் வற்றாத சுனைகள் உண்டு. அவற்றுக்குக் கீழே மழைநீரைத் தேக்கும் தொட்டிகள் இருக்கின்றன. பாறைச் சரிவு தொட்டிக்குள் எப்படி வந்து முடிகிறது என்று கவனித்துப் பாருங்கள். அரைச்சுவர் ஒன்று, ஒரு சின்ன வாய்க்கால், அவ்வளவுதான். மலையின் முதுகையே வீட்டுக் கூரை மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கும் வேலையைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மகனிடம் "நம்ம வீட்டு மொட்டைமாடி மாதிரிதான்" என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வான்.

அந்தத் தொட்டிக்கரையில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது, நடந்த கதை. 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையை பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து எடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்கவில்லை. புது மதில் எழுப்பினார், அகழி வெட்டினார், கொத்தளங்கள் கட்டினார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்த ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் இந்த வேலையின் நேர்த்தியை வியந்து பேசுகின்றன. சிவாஜி போன பின் அது அவர் குடும்பத்தின் உயிரையே காத்தது. ஔரங்கசீப்பின் படை தக்காணத்தை விழுங்கிக்கொண்டிருந்தபோது, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் 1689இல் தப்பி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. அடுத்த எட்டு ஆண்டுகள் மராத்திய அரசின் தலைநகரே இதுதான். 1690இல் ஆங்கிலேயர் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது செஞ்சியில் இருந்த இந்த மராத்திய அரசிடம்தான். பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை உள்ள கிராமங்கள் தங்களுடையவை என்று அவர்கள் எல்லை வகுத்துக்கொண்டதும் அப்போதுதான்.

முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் வந்து முற்றுகை போட்டார். 13 கிலோமீட்டர் மதிலைச் சுற்றி வளைக்க ஆள் போதவில்லை. மழைக்காலத்தில் முற்றுகைப் படைதான் சேற்றில் தவித்தது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து, முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சுனையும் களஞ்சியமும் இருந்தன. வெளியே இருந்தவர்களுக்குத் தானியம் வரும் வழி அடைபட்டது. போதாததற்கு, உடன் வந்த ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் மராத்தியருடன் இரகசியமாகப் பேசுகிறான் என்று தெரிந்து, அவனையே காவலில் வைக்கும் நிலை வந்தது. கடைசியில் 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. அதற்கு முன்பே வெளியேறி வேலூர் வழியாக மராட்டிய தேசம் போய்விட்டார். எட்டு ஆண்டு முற்றுகைக்கு மிஞ்சியது ராஜா இல்லாத கோட்டை. ஜுல்பிகார் கானின் பட்டப்பெயரால் அதற்கு நுஸ்ரத்கட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் பீஜப்பூர்க்காரர்கள் வைத்த பெயர் பாதுஷாபாத். இரண்டு பெயரும் ஒட்டவில்லை, செஞ்சி செஞ்சியாகவே இருக்கிறது.

இதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார் என்றால் நம்ப முடிகிறதா? தோற்று ஓடிவந்த படையை விரட்டிக்கொண்டே வந்து, வெடி வைத்து வாசலைத் தகர்த்து, இருட்டில் மூன்று மலைகளிலும் ஏறிவிட்டார்கள். விடிந்த பிறகு தாங்கள் ஏறிய மலையைப் பார்த்துத் தாங்களே மலைத்துப் போனார்களாம். தண்ணீரும் தானியமும் மாதக்கணக்கில் இழுக்கும் போரில்தான் கைகொடுக்கும். ஒரே இரவுக்குள் எல்லாம் முடிந்துபோனால் சுனை என்ன செய்யும்? 1761இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது.

மராத்தியர் காலத்து இந்த வரலாற்றுக்காகத்தான் 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் உள்ள 12 மராத்தியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன; தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கும் என்பதால் விடுமுறை நாளைத் தவிர்த்தால் நல்லது.

இறங்கி வந்து அம்மாவைச் சேர்ந்துகொள்ளுங்கள். ஏற ஒன்றரை மணி நேரம், மேலே ஒரு மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் வலிக்கும், அவசரப்படாதீர்கள்.

கல்யாண மகாலை நிதானமாகப் பாருங்கள். சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவில் மாடிக்கு மேல் மாடியாக எழும்பி, உச்சியில் கூம்பாக முடியும் கோபுரம். எனக்குச் செஞ்சியில் மிகப் பிடித்த கட்டடம் இது. இதன் மேல் மாடிகள் வரை சுட்ட மண்குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். சுவரில் குழாய் பதிந்த தடத்தைத் தேடச் சொல்லுங்கள், பையனின் கண்ணுக்குத்தான் முதலில் படும். பக்கத்திலேயே யானைக்குளம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், வளைவுக் கூரை போட்ட பெரிய நெற்களஞ்சியம். களஞ்சியத்துக்குள் நின்று ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், குரல் சுற்றிச் சுற்றி வரும். இன்றைக்கும் செஞ்சி நெல்லுக்குப் பேர்போன ஊர். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் மூட்டைகள் மலையாகக் கிடப்பதைப் பார்த்தால், இவ்வளவு பெரிய களஞ்சியம் ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

வெளிக்கோட்டையில் வெங்கட்ரமணர் கோயிலை விட்டுவிடாதீர்கள். நாயக்கர் காலத்துக் கட்டடம். கோபுர வாசலின் உட்சுவர்களில் ராமாயணக் காட்சிகளும் திருமால் அவதாரங்களும் செதுக்கியிருக்கிறார்கள், அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே தூண்கள் குறைவாக இருப்பதைக் கவனிப்பீர்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கல்தூண்களைப் பார்த்திருப்பீர்களே, பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை அவை. அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அங்கிருந்து செட்டிக்குளம், சக்கரக்குளம் இரண்டையும் பார்க்கலாம். செட்டிக்குளக் கரை தேசிங்குராஜன் கதையோடு ஒட்டியது. அவர் மனைவி உடன்கட்டை ஏறியது இங்கேதான் என்று சொல்கிறார்கள். தேசிங்கின் அப்பா சுவரூப்சிங் முகலாயர் வைத்த கோட்டைக் காவலர், புந்தேலா ராஜபுத்திரர். அவர் இறந்ததும் பொறுப்பேற்ற தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபரில் போரில் மடிந்தார். வயது 22 என்பார்கள். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. ஆனால் முன்னூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கதைப்பாடலில் இருப்பது அவர் பெயர். நீலவேணி என்ற குதிரை, கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து கூடவே செத்த நண்பன் மாபத்கான், வெள்ளம் புரண்ட ஆற்றில் குதிரையோடு இறங்கியது என்று அந்தக் கதையைக் கேட்டால் கண் கலங்காமல் இருக்க முடியாது. எட்டு ஆண்டு தாங்கும் கோட்டையை விட்டுவிட்டு, கொஞ்சம் பேரோடு வெளியே போய்ப் போரிட்டார் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். உள்ளேயே இருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

சக்கரக்குளத்தின் பக்கத்தில் 'கைதிகள் கிணறு' என்று ஒரு பாறை இருக்கிறது. பெரிய உருண்டைப் பாறை, அதன் தலையில் இயற்கையான குழி, சுற்றிலும் செங்கல் சுவர். மரண தண்டனைக் கைதிகளை அதற்குள் தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று சொல்வார்கள். பத்து வயதுப் பையனிடம் இந்தக் கதையை விரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாறை நிற்கும் விதமே போதும் அதிசயப்பட.

நேரம் மிச்சமிருந்து, கால்களும் ஒத்துழைத்தால் கிருஷ்ணகிரி. ராஜகிரியைவிடக் குறைவான ஏற்றம். நிழல் குறைவு என்பதால் பிற்பகலில் கொஞ்சம் வாட்டும். மேலே குவிமாடத்தோடு ஒரு தர்பார் மண்டபம் இருக்கிறது. நாலு பக்கத் திறப்புகளிலும் காற்று பாயும், எதிரே ராஜகிரி முழுசாகத் தெரியும். ஒரே மலைதான் ஏற முடியும், ஆயிரம் படி தாங்காது என்பவர்களுக்கு நான் கிருஷ்ணகிரியைத்தான் சொல்வேன். ராஜகிரியை அதன் உச்சியில் நின்று பார்க்க முடியாது, இங்கிருந்துதான் பார்க்க முடியும். எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சேமிப்புக் குழிகளும் இங்கே உண்டு. மூன்றாவது மலை சந்திராயன் துர்க்கம் புதர் மண்டியது, குடும்பத்தோடு வேண்டாம்.

கிருஷ்ணகிரி வேண்டாம் என்று தோன்றினால், அந்த நேரத்தில் திருநாதர்குன்றுக்குப் போங்கள், செஞ்சிக்கு மிக அருகில்தான். ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் சமணர்களின் 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோட்டை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தையது. அந்தக் கல்வெட்டின் முதல் சொல்லே 'ஐம்பத்தேழு' என்று தொடங்குகிறது. 'ஐ' என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று இது. மகன் பள்ளியில் தினமும் எழுதும் எழுத்தை அங்கே பாறையில் விரலால் காட்டலாம். விரலை மேலே வைக்காமல் காட்டச் சொல்லுங்கள், தேய்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று மட்டும். கோட்டை டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதே டிக்கெட் கிருஷ்ணகிரிக்கும் செல்லும். கிளம்புவதற்கு முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால், படி வழுக்கும் என்று பயணத்தை அடியோடு ரத்து செய்துவிடாதீர்கள். ஒரு நாள் தள்ளிப் போங்கள், படி காய்ந்திருக்கும், தொட்டியில் தண்ணீர் நின்றிருக்கும்.